தாமான் பிடித்த கை

பாய்மர வல்லம் ஓடும்போது எல்லோர் கண்ணும் பாய்மேல்தான். எனக்குப் பிடித்தது பாயை இழுக்கவும் நெகிழ்த்தவும் உதவும் தாமான் கயிறு. தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் போட்டிகளில் அதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். கட்டிப்போட்டுவிட்டுச் சும்மா இருக்காது. மெல்ல மெல்ல நெகிழ்த்தும். பாயின் முன்விளிம்பு படபடத்ததும் ஒரு சாண் இழுக்கும். துணி அடங்கிப் புடைக்க, வல்லத்தின் முன்புறமான அணியத்தில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கும். அதுதான் சரியான இடம். அதற்குமேல் இழுத்தால் வல்லம் சாயுமே தவிர ஓடாது. இதில் ஒரு சூது உண்டு: அதிகம் இழுத்த பாய் சத்தமே போடாது. அதனால்தான் அடிக்கடி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாதவர் கைக்கு இது வராது.

சோழகம் என்னும் தென்காற்று வலுக்கும்போது பார்க்க வேண்டும். தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்து வரும். அது வந்து அடிக்குமுன்பே, காற்று வரும் பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் வெளியே நகர்ந்துவிடுவார்கள். ஒருவர் கடல்நீரை வாரிப் பாயில் இறைப்பார். நனைந்த இழைகள் நெருங்கினால் காற்று எளிதில் ஒழுகாது. தாமான்காரர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. உள்ளங்கையில் கயிறு கனப்பதை வைத்தே இழுப்பதா விடுவதா என்று முடிவுசெய்கிறார்.