போனுக்குக் கரண்ட் கொடுப்பது யார்?

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும் குடோனுக்குள் போன் மணி காதில் விழாது. பக்கத்தில் நிற்பவரோடுகூட சைகையில்தான் பேச வேண்டும். கரண்ட் போனால் சத்தம் அடங்கும். பாவு எப்போது வரும், கூலிப் பாக்கி எப்போது கைக்கு வரும் என்று ஜவுளிக்காரரிடம் நாலு வார்த்தை பேச அப்போதுதான் முடியும். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. தறி நின்று, தண்ணீர் மோட்டார் நின்று, செல்போனில் சார்ஜும் தீர்ந்த பிறகும் மேசை ஓரத்துத் தரைவழிப் போனை எடுத்தால் டயல் டோன் வரும். ‘கரண்ட் போனாலும் அந்தப் போன் பேசும்’ என்ற நம்பிக்கை இங்கே அனுபவத்தில் ஊறியது.

இப்போது செம்புக் கம்பியைக் கைவிட்டு ஃபைபர் இழுக்கும் வேலை ஊர் ஊராக நடக்கிறது. பழைய எண்ணே தொடர்கிறது, பழைய கருவியையே மாட்டிக்கொள்ளலாம் என்பதால் பலருக்கு மாற்றமே தெரிவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்டை நிறுத்தும் நாளில்தான் தெரிகிறது. “ஏனுங்க, கரண்டு இருந்தாத்தான் இது பேசுமுங்களா? அப்பப் பழசே தேவலைங்களே” என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால் பழசின் பெருமையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

பழைய போன் வீட்டு மின்சாரத்தைத் தொட்டதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் 24 வரிசையாக நிற்கும். அந்த 48 வோல்ட்தான் இரட்டைச் செம்புக் கம்பி வழியே வீடு வரை வந்து, ரிசீவரை எடுத்ததும் நம்மைப் பேச வைத்தது. மணி அடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் ஓடும். ஜாயின்ட்டை வெறுங்கையால் பிடித்திருக்கும்போது யாராவது அந்த எண்ணைக் கூப்பிட்டால் லைன்மேனுக்குச் சுரீரென்று அடிப்பது அதனால்தான். பேட்டரி இறங்கினால் டீசல் ஜெனரேட்டர் ஓடும். ஆக, கரண்ட் இல்லாத நேரத்துக்கான ஏற்பாடு முழுவதும் தொலைபேசித் துறையின் பொறுப்பில் இருந்தது. சந்தாதாரர் அதைப்பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியதில்லை.

இது தற்செயலாக அமையவில்லை. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென 128 இணைப்புகள் கொண்ட சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியபோது, ஏசி அறை இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் வேலை செய்ய வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டது. அடிக்கடி போய்வரும் கரண்டும் அந்தக் கணக்கில் இருந்தது. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. நம் ஊர்களின் குறைகளைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வடிவமைத்த பொருள் அது. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் அப்படிச் சொல்லக்கூடியவை அதிகம் இல்லை.

ஆனால் கரண்ட் போகும்போது பேசுவது நம்பகத்தன்மையின் ஒரு பகுதிதான். மற்ற நாட்களில் அந்தக் கம்பி எப்படி இருந்தது? ஐப்பசி மழை இறங்கியதும் மண்ணுக்கடியில் உள்ள ஜாயின்ட்டில் ஈரம் ஏறும். பேச்சுக்கு நடுவே கொரகொரவென்ற இரைச்சல், பிறகு ‘டெட்’. சாலையை அகலப்படுத்தவோ குடிநீர்க் குழாய் பதிக்கவோ ஜேசிபி வந்தால், ஒரே இழுப்பில் நூறு இணைப்புகள் அறுந்துவிடும். அவ்வளவு ஜோடிக் கம்பிகளையும் நிறம் பார்த்து மறுபடி முடிவதற்குப் பல நாட்கள் ஆகும். செம்புக்கு விலை இருப்பதால் திருட்டு வேறு. கோவை–அவிநாசி நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கரண்ட் போன இரண்டு மணி நேரத்தில் நம்மைக் கைவிடாத போன், மழைக்குப் பிறகு ஒரு வாரம் ஊமையாகக் கிடந்ததையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மின்வெட்டு விஷயத்திலேயே அதற்கு எல்லை உண்டு. ஈய-அமில பேட்டரி தினமும் ஆழமாக இறங்கி, முழுதாக ஏறாமலே மறுபடி இறங்கினால் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டொரு மணி நேர வெட்டுக்குப் போட்ட ஏற்பாடு நாள் முழுக்க நீளும் வெட்டைத் தாங்க, டீசல் வாங்கப் பணமும் ஊற்ற ஆளும் வேண்டும். 2020 ஜனவரி 31-ல் பிஎஸ்என்எல்லில் ஏறத்தாழ 78,000 பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தத் தெருவில் எந்த ஜாயின்ட் எங்கே புதைந்திருக்கிறது என்ற ஞாபகமும் பெருமளவு அவர்களோடு போனது. நாட்டில் 5 கோடியை எட்டிய தரைவழி இணைப்புகள் அதே 2020 வாக்கில் 2 கோடி அளவுக்குச் சுருங்கியிருந்தன. இந்த நிலையில் செம்பையே காப்பாற்றியிருக்க வேண்டும் என்று வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபைபருக்கு வருவோம். கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஈரத்தால் இரைச்சல் வராது. இடி விழுந்தால் கம்பி வழியே வீட்டுக்குள் பாயும் அபாயம் இல்லை. முறையாகப் போடப்பட்ட இணைப்பில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் பொருள் எதுவுமே இருக்காது. வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டிக்குக் கரண்ட் வேண்டாம். இவ்வளவும் செம்பைவிட மேல். ஒன்றே ஒன்றுதான் போய்விட்டது: கண்ணாடி வழியே 48 வோல்ட்டை அனுப்ப முடியாது. அதனால் வீட்டுச் சுவரில் மாட்டும் 12 வோல்ட் மோடத்துக்குக் கரண்ட் கொடுக்கும் வேலை நம் தலையில் வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்ததை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. இணைப்பு கொடுக்க வருபவர் வேகத்தைச் சொல்கிறார், ஓடிடி என்னென்ன இலவசம் என்று சொல்கிறார், கரண்ட் போனால் போன் போய்விடும் என்பதைச் சொல்வதில்லை. என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

சரி, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மினி யுபிஎஸ் ஒன்றை மோடத்துக்கு வைத்துவிட்டால் போதுமா? பாதிப் பிரச்சினை தீரும். மறுமுனை என்ன ஆகிறது என்பதே மீதி. பல ஊர்களில் ஃபைபர் இணைப்பு உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் வழியாகத் தரப்படுகிறது. எக்ஸ்சேஞ்சில் இருக்க வேண்டிய கருவி அவருடைய மாடி அறையில், ஒரு இன்வெர்ட்டரை நம்பி ஓடுகிறது. சில இடங்களில் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள்ளும் கரண்ட் கேட்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். வீட்டில் மோடம் பச்சை விளக்குகளோடு நிற்க, ஒன்றில் மட்டும் சிவப்பு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நம் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, அவருடையது தீர்ந்துவிட்டது. போதாததற்கு இழை முழுவதும் மின்கம்பங்களிலேயே கட்டப்பட்டிருக்கிறது. காற்றில் கம்பம் சாய்ந்தால் கரண்டும் போனும் சேர்ந்தே விழும்.

செல்போன் இருக்கிறதே என்பார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடைக்கு அது போதும்; கையிலேயே பேட்டரி இருப்பது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் டவருக்கும் பேட்டரிதான். கரண்ட் போனதும் வைஃபையை இழந்த ஊரே ஒரே சமயத்தில் அந்த டவர்மீது சாய்கிறது. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் கால் போகாமல் திணறுவது அதனால். தடை நாட்கணக்கில் நீண்டால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவில் காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டவர்கள் அடங்கின. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

இந்தச் சிக்கலை மற்ற நாடுகள் பேசியாவது தீர்க்கப் பார்த்தன. பிரிட்டனில் 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீடுகளை நாட்கணக்கில் இருட்டில் தள்ளியது. அடுத்த மார்ச்சில் பிரிட்டிஷ் டெலிகாம் புதிய இணையவழிப் போனுக்கு மாற்றும் வேலையையே சில காலம் நிறுத்திவைத்தது. பழைய வலையமைப்பை மூடும் கெடு 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வீட்டுப் போனையே நம்பியிருப்பவர்கள் மின்தடையில் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் கேட்கிறது. அமெரிக்காவில் 2015-ல் வந்த விதி, 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைத் தரச் சொன்னது. பிறகு அது 24 மணி நேரமாக உயர்ந்தது. ஒரு மணி நேரம் என்பது நம் ஊர்ப் பராமரிப்புத் தடைக்கே எட்டாது. பேட்டரியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. இருந்தாலும் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதை இணைப்பு கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்ற அளவுக்கு அங்கே விஷயம் வந்தது.

பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான தம்பதிகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். தொடுதிரை அவர்களில் பலருக்குக் கைவரவில்லை. பெரிய எண்கள் அழுத்தும் போனில் 108 என்று தட்டத் தெரியும். கரண்ட் போன ராத்திரியில் நெஞ்சு வலித்தால் அந்தப் போன் பேசியாக வேண்டும். அவர்களுக்கு இணைப்போடு சேர்த்தே பேட்டரியையும் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஓடிடி சந்தாவை இலவசமாகக் கொட்டும் நிறுவனங்களுக்குப் பெரிதாக இருக்க முடியாது. ஆபரேட்டர் அறையில் உள்ள கருவி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை, வேகத்தையும் கட்டணத்தையும் அச்சிடும் அதே தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். 6 மணி நேரம் என்று போட்டுவிட்டு 2 மணி நேரத்தில் நின்றால், அந்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்க வேண்டும்.