சோமா கண்ட திபெத்திய மருத்துவம்

நோய் தீர்த்தல் மருத்துவத்தின் ஒரு கூறேயாம். நோயின்றி நெடிது வாழ்ந்து வாழ்வின் பயனை எய்துவித்தலே அதன் முடிந்த நோக்கமாகும். இவ்வுண்மையை நன்கு விளக்கும் நூல்களுள் ஒன்று, திபெத்தியர் போற்றும் 'கியூசி' என்னும் நான்கு தந்திரங்கள். 156 அதிகாரங்கள் கொண்ட அதன் பொருளை ஐரோப்பிய மொழியொன்றில் விரித்துரைத்த முன்னோடி, அங்கேரியரான அலெக்சாந்தர் சோமா (1784 - 1842) ஆவர். கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் 1835ஆம் ஆண்டு வெளிவந்த அவரது கட்டுரை இன்றும் ஆராயத்தக்கது.

தம் இனத்தாரின் தோற்றுவாயை நாடி 1819இல் புறப்பட்டவர் சோமா. இலதாக்கை அடைந்தபின் திபெத்திய மொழியிலேயே அவருள்ளம் நிலைத்தது. சன்சுகார்ப் பகுதியில் அவருக்கு ஆசானாய் வாய்த்த சங்கியே புன்சோக்கு என்னும் இலாமா, மருத்துவமும் வல்லவர். அவர் தொகுத்துரைத்ததே மேற்படி கட்டுரைக்கு அடிப்படையாயிற்று. 1834இல் வெளிவந்த அகராதியின் முகப்பிலேயே ஆசானின் பெயரைச் சோமா பொறித்தார். பின்வந்தோரோ மாணவரைப் புகழ்ந்து ஆசானை மறந்தனர்.

கட்டுரையின் சிறப்பு யாது? ஐரோப்பிய மருத்துவத்தை அளவுகோலாக்காது, நூல் கூறும் முறையிலேயே பொருளை வகுத்துரைத்தமையாம். வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் முக்குற்றங்களை அடிப்படையாகக் கொண்ட அந்நூல், உடல்நிலையையும் நோயையும் மருத்துவத்தையும் ஒரு மரமாக உருவகிக்கின்றது. அம்மரத்தின் மலர்கள் நோயின்மையும் நீள்வாழ்வும். கனிகள் அறமும் பொருளும் இன்பமும். திருக்குறளின் முப்பாலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கனிகள் புதியன அல்ல. வள்ளுவரும் மருந்தைப் பொருட்பாலில் வைத்தனர். ஆயின் அங்கு மருந்து பொருளின் ஓர் உறுப்பு. இங்கோ முப்பொருளும் மருத்துவத்தின் பயன். இவ்வேறுபாடு சிந்தித்தற்குரியது.

எனினும் குறைகளும் உள. சோமா மொழியறிஞரேயன்றி மருத்துவரல்லர். ஆதலின் அவர் கட்டுரையில் அதிகாரங்களின் பொருளடக்கம் விளங்குமளவு நோயாளியின் அருகிருந்து செய்யும் தொழில் விளங்கவில்லை. அன்றியும், கியூசி வடமொழியினின்று பெயர்க்கப்பட்டதென்னும் மரபுச் செய்தியை அவர் ஆராயாது உரைத்தார். திபெத்திய அறிஞர்க்குள்ளேயே இது பற்றிய வழக்கு நெடுங்காலம் நிகழ்ந்தது. வாக்படரின் அட்டாங்க இருதயத்தினின்று பல பகுதிகள் அதனுட் புகுந்தமையை எமரிக்கு என்னும் அறிஞர் 1977இல் எடுத்துக்காட்டினர். ஆயினும் கியூசி விரித்துரைக்கும் நாடிச்சோதனை வாக்படர் நூலில் இல்லை. எனவே அது வெறும் மொழிபெயர்ப்பன்று. பெற்றதைத் தமதாக்கி வளர்த்த ஓரினத்தின் ஆக்கம். அதனை இந்தியாவின் கொடையென்று மட்டும் பெருமை பேசுதல், பெற்றவரின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

இவ்வாராய்ச்சி ஈழத்தார்க்கு எதனை உணர்த்துகின்றது? மருதானை மாளிகாகந்தையில் 1873இல் தோன்றிய வித்தியோதய பிரிவேனா, பழம்பெருங் கல்வியைப் பேணுதற்கு நிலைக்களமாயிற்று. யாழ்ப்பாணத்தே பரராசசேகரம் என்னும் மருத்துவ நூலை ஏழாலை ஐ. பொன்னையர் அச்சேற்றினர். அச்சேற்றல் தொடக்கமே; பொருளாராய்ச்சி அதன்பின் நிகழ்தல் வேண்டும். ஏடு கற்றோன் மருந்தறியான். மருந்தறிந்தோன் ஏட்டின் வரலாறறியான். இவ்விருவரும் ஒருங்கிருந்து உழைத்தாலன்றி நூலின் பொருள் புலப்படாது.

இந்தியா 2010இல் திபெத்திய மருத்துவத்தைச் சட்டத்தால் ஏற்றது. அந்நிலைக்கு இட்ட படிகளுள் ஒன்று, சன்சுகாரின் கடுங்குளிரில் ஆசானும் மாணவரும் ஏட்டின்முன் ஒருங்கமர்ந்த நாட்களாம். அத்தகைய இருவரையே நம் ஏடுகளும் எதிர்நோக்கிக் கிடக்கின்றன.