கூதிர் காலத்துச் சூளை

பீர்மேட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, விறகுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் குயவர் சூளை இந்த மலையில் பெரிதாகத் தழைத்ததில்லை. வனைந்த பானை முதலில் நிழலில் ஆறி, பிறகு வெயிலில் காய்ந்தால்தான் நெருப்புக்குத் தாங்கும். ஈரம் மிச்சம் இருந்தால் சூளைக்குள் அது ஆவியாகிப் பானையைப் பிளந்துவிடும். கேரளத்தில் அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று இது. மழை விட்டால் மூடுபனி. அதனால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் பொங்கல் வைக்கும் பானை சமவெளியிலிருந்து குமுளி மலைச்சாலை ஏறித்தான் வரவேண்டியிருக்கிறது. பதிலுக்கு நாம் தண்ணீர் அனுப்புகிறோம். பீர்மேடு தாலுகாவில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்கிறது. அந்த வைகைக் கரையில்தான் மட்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரை இருக்கிறது.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். குயவருக்கு வேலை நெருக்குவதும் வானம் மூடிக்கொள்வதும் இந்த இரண்டு மாதத்தில்தான். கொலு பொம்மை முடிந்த கையோடு கார்த்திகை அகல், அதன் பின்னாலேயே பொங்கல் பானை. ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டால் காய வைத்ததெல்லாம் மறுபடி சேறு. மழைக்கால முடக்கத்துக்காகவே தமிழ்நாடு அரசு மட்பாண்டத் தொழிலாளருக்கு நிவாரணத் தொகை வழங்குகிறது என்பதிலிருந்து இந்தப் பருவத்தின் கடுமை விளங்கும்.

மண்ணும் நெருப்பும் ஒன்றுதான்; ஆனால் பாண்டக் கலையின் மரபுகள் பல. ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளந்தால் தவறான தீர்ப்புத்தான் கிடைக்கும்.

முதலில் அடுக்களை மரபு. சக்கரத்தில் வாயும் கழுத்தும் தோளும் மட்டுமே உருவாகும். அடி திறந்தபடியே நூலால் அறுத்து எடுத்து, அரைக் காய்ச்சலில் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். கீழடியின் கறுப்புச் சிவப்புப் பானை இந்த மரபின் மூத்த தலைமுறை. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாமல் கறுக்கும்; காற்றுப்பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நெருப்பை இப்படி ஆளத் தெரிந்திருந்தார்கள். இந்த மரபின் சிறந்த தண்ணீர்ப் பானை கசிய வேண்டும். கசிந்த நீர் ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது.

இரண்டாவது, தாள இசைக்கருவியான மானாமதுரைக் கடம். கடத்துக்கு அளவுகோல் காது. சுற்றுவட்டக் குளத்து மண் வகைகளைக் கலந்து பிசைந்து, பானையை ஆயிரக்கணக்கான தட்டுகளால் இறுக்கி, சுவர் எங்கும் ஒரே கனம் வரும்படி செய்கிறார்கள். ஓரிடத்தில் கனம் கூடினாலும் நாதம் கலங்கும். சென்னைக் கடம் எடை குறைந்தது. மானாமதுரைக் கடம் கனத்தது, விரலுக்கும் கூடுதல் உழைப்பு கேட்பது, ஆனால் நாதம் கணீரென்று நிற்கும். கடம் செய்ததற்காகவே இவ்வூர் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மூன்றாவது புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்துப் புரவி மரபு. ஊரார் குயவரான வேளாரிடம் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண்ணை, கொடுத்த பிறகே ஐயனாருக்குக் குதிரை செய்யும் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் கலப்பார்கள்; உமி எரிந்து விடும் இடைவெளிதான் கனத்த சுவர் வெடிக்காமல் காக்கிறது. கால்கள் உருளைகளாக எழும்பிக் காய்ந்த பிறகுதான் உடல் ஏறும். சில குதிரைகளை நின்ற இடத்திலேயே சுற்றிச் சூளை கட்டிச் சுடுவார்கள். இங்கே நெடுநாள் உழைப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மழையில் சிதைந்து உடைந்தாலும் புதிய குதிரை அதன் பக்கத்தில் நிற்கும்.

நான்காவது பாண்டிச்சேரி மரபு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் சவுக்கு விறகில் சூளை எரிந்தது. நாட்டுச் சூளையின் வெப்பம் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ்; இங்கே 1,300 டிகிரியை ஒட்டி. அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகிவிடும், பாண்டம் ஒரு சொட்டும் கசியாது. விறகுச் சூளையில் பறக்கும் சாம்பல் பாண்டத்தில் படிந்து உருகிக் கண்ணாடிப் பூச்சாவதும் உண்டு. அந்தப் பூச்சு எங்கே வழியும், என்ன நிறம் காட்டும் என்பதில் பாதி முடிவு நெருப்பினுடையது. இந்தியாவின் ஸ்டூடியோ குயவர்களில் பலர் இந்தப் பட்டறையில் பயின்றவர்கள்.

இந்த மலையில் வாழ்கிறவர்கள் தோட்டத் தொட்டியையும் கணக்கில் எடுக்க வேண்டும். லயத்து வாசலில் ரோஜாவும் டேலியாவும் வைக்கும் வீட்டாருக்குத் தெரியும்: இங்கத்து மழைக்குப் பூச்சுப் போட்ட பளபளப்பான தொட்டியில் வேர் அழுகிவிடும். பூசாத சுட்டமண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் வெளியேறும். அடித் துளைமேல் உடைந்த ஓட்டுச் சில்லை வளைவு மேலே இருக்கும்படி வைத்தால் மண் அடைக்காமல் நீர் வடியும். சூளைச் சாம்பல் காய்கறிப் பாத்திக்கு உரம். ஆக, சூளையில் உடைந்ததும் எரிந்ததும்கூடத் தோட்டத்துக்கு உதவுகின்றன. வெயில் ஊர்களில் வாய் ஒடுங்கிய பானையை மண்ணில் புதைத்து நீர் நிரப்பிச் செடி வளர்ப்பதும் பானை கசிவதை நம்பித்தான்.

தண்ணீர்ப் பானைக்குக் கசிவு பெருமை, பாண்டிச்சேரிக் கோப்பைக்கு அதுவே குற்றம். கடத்துக்கு ஓசை உயிர், ஐயனார் குதிரைக்கு அது பொருட்டே அல்ல. நாட்டுப் பானையைக் கண்காட்சிக் கோப்பையோடு ஒப்பிட்டுத் தரக்குறைவு என்பவருக்கு இந்தக் கலையின் அரிச்சுவடி தெரியாது. எல்லா மரபுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டென்றால் அது நெருப்புத்தான். சக்கரத்தில் காட்டிய கெட்டிக்காரத்தனத்தையும் காயப்போடுவதில் காட்டிய அவசரத்தையும் அது மறைக்காமல் காட்டிவிடும். சந்தையில் பானையை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வேக்காடும் பதமும் சரி. ஓட்டை ஓசை கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது.

குளத்து மண் எடுக்கக் குயவர் படும் அலைச்சலைக் குறைக்க, வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் 2024இல் வழி செய்யப்பட்டது. மண் கிடைத்தாலும் வெயிலை எந்த அரசாணையும் தராது. நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் பேரம் பேசி வாங்குவதை விட்டுவிட்டு, ஆவணியிலேயே லயம் லயமாகத் தேவையைக் கணக்கெடுத்து, முன்பணத்தோடு பானைக்கும் தொட்டிக்கும் சொல்லிவிடுவோம். கூதிர் மழை இறங்கும் முன் காய்ந்த பானைதான் நன்றாக வேகும்.