தீக்குச்சித் தலையில் ஒரு பச்சோந்தி

2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பல நாட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்த ஒரு புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். தீக்குச்சியின் தலைமீது ஒரு குட்டிப் பச்சோந்தி நிற்கிறது. பெயர் புருக்கீசியா மைக்ரா. மடகாஸ்கரின் வடமுனையை ஒட்டிய நோசி ஹாரா என்னும் சிறு தீவில் வாழ்வது. வளர்ந்த பிராணியே வாலையும் சேர்த்து 3 செ.மீ.-ஐ எட்டாது. ஜெர்மானிய ஆய்வாளர் ஃபிராங்க் கிளாவும் அவருடைய குழுவினரும் இதைப் புதிய இனமாக விவரித்தபோது வெளியான படம் அது.

படம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது, சந்தேகமில்லை. '29 மில்லிமீட்டர்' என்று அச்சிட்டிருந்தால் நம் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். அளவு சொல்லாத படத்துக்கு மதிப்பெண் இல்லை என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்லும் பௌதிக ஆசிரியன் நான். அந்த வகையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் இல்லாதது எது என்று பாருங்கள். இப்பிராணி பகலில் தரையில் கிடக்கும் சருகுகளுக்கிடையே திரிகிறது. இரவில் ஐந்து முதல் பத்து செ.மீ. உயரத்துக்குச் செடியில் ஏறி உறங்குகிறது. சருகு, செடி, இரவு, தீவு எதுவுமே படத்தில் கிடையாது. பச்சோந்தியின் வீடு போய், நம் வீட்டு அடுப்பங்கரைச் சாமான் வந்துவிட்டது!

ஆய்வாளர் ஒரு பிராணியைக் கையில் எடுத்து அளப்பதற்குக் காரணம் உண்டு. சுற்றுலாப் பயணி அதையே விரல் நுனியில் ஏற்றிப் படம் பிடிப்பதற்கு என்ன காரணம்? அளவு காட்ட வேண்டுமென்றால் பக்கத்து இலையே போதும். பச்சோந்தியின் பாதத்தில் விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்து குறடு போல் கிளையைப் பற்றியிருக்கும். அதைப் பிய்த்தெடுப்பது விளையாட்டல்ல.

வண்ணப் படங்களின் கதை வேறு. மூக்குக் கண்ணாடியின் சட்டத்துக்கு ஏற்ப நொடிக்கு நொடி நிறம் மாற்றும் பச்சோந்தியை ஒரு விளம்பரப் படத்தில் பார்த்துச் சிரித்தேன். சிரிக்கலாம், நம்பக் கூடாது. இங்கே என் பாடத்தைச் சிறிது நுழைக்க அனுமதியுங்கள். மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் தோல் செல்களில் குவானைன் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கும். குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி எதிரொளிக்கும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். போட்டியாக மற்றோர் ஆணையோ, அல்லது ஒரு பெண்ணையோ கண்டால் படிகங்களின் இடைவெளி ஏறக்குறைய 30 சதவிகிதம் வரை கூடுகிறது. அலைநீளம் மிகுந்த மஞ்சளும் ஆரஞ்சும் எதிரொளிக்கின்றன. சோப்புக் குமிழியில் வண்ணம் காட்டும் அதே குறுக்கீட்டு விளைவுதான்.

ஆக, பின்னணியைப் பார்த்து மாறுவதல்ல இந்த நிறம். மனநிலையைப் பார்த்து மாறுவது. கொள்கை மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று ஏசும் நம் மேடைப் பேச்சாளர்கள் இதைக் கவனிக்கலாம். மஞ்சளும் சிவப்புமாகப் பளபளக்கும் படத்தைக் காணும்போது, 'எவ்வளவு அழகு!' என்பதோடு நில்லாமல், 'இதன் எதிரில் எதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்?' என்றும் கேளுங்கள். கருத்துப்போய் வாயைப் பிளந்து நிற்கும் பச்சோந்தியின் படம் என்றால் கேட்கவே வேண்டாம். அது பயம்.

தொந்தரவில்லாமல் பார்க்க முடியாதா? முடியும். இரவில் இவற்றின் தோல் வெளிறிவிடும். கைவிளக்கின் ஒளி பட்டால் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தனித்துத் தெரியும். பல இனங்கள் மெல்லிய கிளையின் நுனியில், வாலைச் சுருட்டிக்கொண்டு உறங்குகின்றன. பாம்பு ஏறினால் கிளை ஆடும், விழித்துக்கொள்ளலாம் என்பதே காரணமாகக் கருதப்படுகிறது. இப்போது, நல்ல கோணம் வேண்டுமென்று கிளையை வளைக்கும் புகைப்படக்காரரை எண்ணிப் பாருங்கள். உறங்கும் பிராணிக்கு அவரும் பாம்பும் ஒன்றே. கீழே விழுந்து தப்பப் பார்க்கும். இருட்டில் மறுபடி ஏறி இடம் தேட வேண்டும்.

மடகாஸ்கரின் தென்மேற்கில் லபோர்டு பச்சோந்தி என்றோர் இனம் உண்டு. முட்டைக்குள் எட்டு, ஒன்பது மாதங்கள். வெளியே வந்தபின் நான்கைந்து மாதங்களே வாழ்வு. அதற்குள் வளர்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். மொத்தமே நூற்றைம்பது இரவுகள் கொண்ட பிராணியிடம் நாம் எத்தனை இரவுகளை எடுத்துக்கொள்ளலாம்?

இயற்கைப் படங்களை வெளியிடும் ஏடுகள் கேமராவின் பெயரையும் லென்சின் அளவையும் அடியில் அச்சிடுகின்றன. அவற்றோடு இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: பிராணி கண்ட இடத்திலேயே இருந்ததா, நகர்த்தி வைக்கப்பட்டதா?