ஸுபைதா பாதையும் அதன் வழிநூல்களும்

கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் பழைய ஹஜ் பாதைக்கு 'தர்பு ஸுபைதா' என்று பெயர். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் 27 பெரிய தங்கலிடங்களும், அவற்றுக்கிடையே 27 சிறு தங்கலிடங்களும் இருந்தன. 2019 செப்டம்பரில் சவூதி அரேபியா சுற்றுலா விசா வழங்கத் தொடங்கிய பின்னர், இத்தடத்தைப் பாலைவன வாகனங்களில் குழுவாகச் சென்று காண்பது வெளிநாட்டினருக்கும் எளிதாகியுள்ளது. அவ்வாறு செல்லத் திட்டமிடுவோர் வாகனத்தைப் பற்றி நிறையப் படிக்கின்றனர். பாதையைப் பற்றிக் குறைவாகவே படிக்கின்றனர். இப்பாதையைப் பேசும் மூன்று நூல்களை, பயணத் திட்டத்துக்கு அவை எவ்வளவு துணைநிற்கும் என்னும் நோக்கில் இங்கு மதிப்பிட விழைகின்றோம்.

முதலாவது, இப்னு ஜுபைரின் 'ரிஹ்லா'. அந்தலூஸிலிருந்து புறப்பட்ட அவர், ஹிஜ்ரி 579இல் ஹஜ்ஜை நிறைவேற்றி, 1184ஆம் ஆண்டு மதீனாவிலிருந்து ஈராக் நோக்கிப் பயணமானார். நம் மேடைகளில் இந்நூல் பக்திச் சுவைக்காகவே எடுத்தாளப்படுகின்றது. அதன் உண்மையான வலிமையோ வேறிடத்தில் உள்ளது. பெருங்கூட்டம் ஒன்று பாலையில் எவ்வாறு ஒழுங்குபடுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் கண்டெழுதியோர் சிலரே. பயணக் கூட்டத்தின் அமீருடைய முரசொலி கேட்டுப் புறப்படுவதையும், தன் இடத்தை அடையாளம் வைக்காமல் நீங்கியவர் வழிதவறி அமீரின் கூடாரத்துக்கு வந்து முறையிடுவதையும், அவருக்காக அறிவிப்பாளர் கூட்டத்தினூடே கூவிச் செல்வதையும் அவர் விவரிக்கின்றார். ஹாஜிகள் தம் உணவுப் பொருள்களில் ஒரு பகுதியை ஃபைத் ஊராரிடம் ஒப்படைத்து, திரும்புகையில் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தையும் குறிக்கின்றார். இன்றைய குழு முன்னோடி வண்டி, கடைசி வண்டி, சந்திப்பிடம், இடைவழி எரிபொருள் இருப்பு என்று வகுத்துக்கொள்பவையெல்லாம் இவற்றின் மறுவடிவங்களே.

அந்நூலின் உச்சம் தஃலபிய்யாவின் நீர்நிலையில் நிகழ்கின்றது. தாகத்தோடு வந்த கூட்டம் நீரின்மேல் விழுந்து நெருக்கியதில் சிலர் உயிரிழந்தனர். இங்கே நீர் இருந்தது, முறை இல்லை. கையிருப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, அதை யார், எப்போது, எந்த அளவில் எடுப்பது என்பதைக் கணக்கிடாத திட்டம் பாதித் திட்டமே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனினும் இப்னு ஜுபைரிடம் இரு குறைகளை நாம் காண்கின்றோம். மதீனாவிலிருந்து வந்து பாதையில் இணைந்தவராதலால், அதன் தென்பகுதியைப் பற்றி அவர் வாயிலாக நாம் அறியக்கூடியது மிகக் குறைவு. அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் வாழ்ந்து மறைந்த ரபதா அப்பகுதியிலேயே உள்ளது. அடுத்து, வழிநெடுகிலும் உள்ள குளங்கள், கிணறுகள் அனைத்தையும் ஸுபைதா அம்மையாரின் கொடையாகவே அவர் போற்றுகின்றார். ஹாரூன் அர்ரஷீதின் மனைவியும் கலீஃபா மன்ஸூரின் பேத்தியுமான அம்மையார் (மறைவு ஹி. 216 / கி.பி. 831) அப்புகழுக்கு உரியவரே. ஆயினும் கலீஃபா மஹ்தி, அம்மையாருக்கு முன்பே, ஹிஜ்ரி 161இல் இவ்வழியில் தங்கலிடங்களையும் குளங்களையும் மைல்கற்களையும் அமைக்கப் பணித்தார். குளத்தை ஒருமுறை கட்டினால் போதாது. ஆண்டுதோறும் வண்டல் அகற்ற வேண்டும், வாய்க்கால் திருத்த வேண்டும். அவ்வேலையைச் செய்த கைகள் 'ரிஹ்லா'வில் தென்படவில்லை.

இக்குறையை நிரப்புவது 'கிதாபுல் மனாஸிக்'. 1969இல் ஹமத் அல்ஜாஸிர் இதனை இமாம் அல்ஹர்பியின் பெயரில் பதிப்பித்தார். ஆசிரியர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தங்கலிடத்துக்குத் தங்கலிடம் தொலைவு, குளங்கள், கிணறுகள், கட்டியவர் பெயர் என வறண்ட நடையில் செல்லும் நூல் இது. இலக்கிய இன்பம் நாடுவோர் நாலு பக்கத்தில் மூடிவிடுவர். ஆனால் திட்டமிடுவோருக்கு இதுவே முதல் நூல். பெரிய தங்கலிடங்களுக்கு இடையே சராசரியாக 50 கிலோமீட்டர்; நடுவில் இரவுணவுக்கு இறங்குமிடமான 'முதஅஷ்ஷா'. ஒட்டகத்தின் ஆற்றலையும் மனிதனின் களைப்பையும் அளந்து போட்ட பாதை இது. அத்தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் வாகனம், அவ்விடத்தில் குளம் ஏன் அமைந்தது என்னும் கேள்வியையே மறக்கடித்துவிடுகின்றது.

மூன்றாவது, ஆன் பிளண்ட் சீமாட்டி 1881இல் வெளியிட்ட நஜ்துப் பயண நூல். 1879இல் ஹாயிலிலிருந்து பாரசீக ஹாஜிகளோடு நஜஃப் நோக்கிச் சென்றவர் அவர். கி.பி. 1258இல் பாக்தாத் வீழ்ந்தபின் நலிந்த பாதையின் பிற்கால நிலையைக் கண்ணால் கண்டு எழுதியதே இந்நூலின் மதிப்பு. ஆயினும் குதிரைகளின் வமிசத்தில் அவருக்கிருந்த கூர்மை, உடன்வந்த ஹாஜிகளின் உள்ளத்தை அறிவதில் இல்லை. நிலத்தின் நிலையறிய அதனை நம்பலாம். பயணத்தின் பொருளறிய அது போதாது.

நூல்கள் தரவியலாத செய்திகளும் உண்டு. பழைய தடம் இன்று எல்லையால் வெட்டுண்டு கிடக்கின்றது. 1990இல் மூடப்பட்டு 2020 நவம்பரில் மீண்டும் வணிகத்துக்குத் திறக்கப்பட்ட அர்அர் எல்லைவாயில் பழைய தடத்தின்மீது அமைந்ததன்று. எனவே சவூதிப் பகுதியைத் தனிப் பயணமாக வகுப்பதே முறை. வடபகுதியில் தடத்தின் ஒரு பாகம் இமாம் துர்கி பின் அப்துல்லாஹ் அரச இயற்கைக் காப்பகத்துக்குள் அடங்குவதால் அங்குள்ள விதிகளை முன்கூட்டியே அறிய வேண்டும். குளிர்காலமே ஏற்ற பருவம். அதுவே மழைக்காலமும் ஆகையால் ஓடைப்படுகையில் கூடாரம் அடித்தல் ஆகாது. பழங்குளத்தில் நீர் கிடக்கும் என எண்ணிச் செல்வது பேதைமை. வேண்டிய நீர் முழுவதும் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஒற்றை வண்டியாகச் செல்லலாகாது. மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். மீண்டும் நிரப்பும் கருவியும் உடனிருக்க வேண்டும்.

இவையெல்லாம் நம்மைக் காப்பதற்கு. பாதையைக் காப்பதற்கு என்ன திட்டம் என்று நாம் கேட்கின்றோம். கற்பரப்பில் கற்களை நீக்கி இருமருங்கும் வரிசையாக்கியும், மணற்பகுதியில் கல் பாவியும் அமைத்த தடம் இது. பன்னிரண்டு நூற்றாண்டுகள் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் நின்ற அக்கல்வரிசையைச் சக்கரங்கள் ஒரு பருவத்தில் சிதைத்துவிடக்கூடும். குளத்தின் கரைவரை வண்டியை ஓட்டுவது, படிகளில் அடுப்பு மூட்டுவது, எழுத்துப் பொறித்த கல்லை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வது ஆகியவை சட்டப்படி குற்றமாவது ஒருபுறமிருக்க, வழிப்போக்கனுக்கென ஒதுக்கிய தர்மத்தின்மீது செய்யும் அத்துமீறலாகும்.

முகமறியா ஒருவர், தமக்குப் பின் வரப்போகும் முகமறியா மனிதருக்காக நீர் தேக்கிய பாதை இது. ஆகவே குழுவின் பெட்டியில் 'மனாஸிக்' வழிகாட்டியாகவும், 'ரிஹ்லா' எச்சரிக்கையாகவும் இருக்கட்டும் என்பது நம் பரிந்துரை. தடத்தின்மேல் ஓட்டாமல் அதற்கு இணையாக ஓட்டி, தங்கலிடத்தை நடந்து சென்று காண்பது என்னும் ஒரு விதியையேனும் புறப்படுமுன் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளும் குழு, இந்நூல்களைப் படித்ததன் பயனை அடைந்ததாகக் கொள்வோம்.