முட்செடியில் மலர்ந்த ரோஜா: ஒரு திறனாய்வு

நீடித்த நோயுற்றோரின் ஆவிக்குரிய வாழ்வைக் குறித்து எழுதப்பட்ட நூல்களுள் பெரும்பாலானவை சுகதேகிகள் எழுதியவை. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரோஸ் ஃபிரம் பிரையர்' என்னும் ஆங்கில நூல் இதற்கு விலக்கு. முட்செடியில் மலர்ந்த ரோஜா என்பது அப்பெயரின் பொருள்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த அம்மையார், நெல்லைச் சீமையிலுள்ள டோனாவூரில் ஆபத்திலிருந்த சிறாருக்கு இல்லம் அமைத்தவர். 1931 அக்டோபர் 24-ஆம் நாள் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 சனவரியில் மறையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். குணமடைந்தபின் திரும்பிப் பார்த்து எழுதிய சாட்சியன்று இந்நூல். வேதனை நீடிக்கையில், பிற நோயாளருக்கு ஒரு நோயாளி எழுதியது. இதுவே இதன் முதற் சிறப்பு. சுகமாயிருப்போர் நோயுற்றோருக்கு எழுதும் ஆறுதல், படுக்கையில் கிடப்பவரின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதை ஆசிரியை தாமே உணர்ந்து எழுதினார்.

அவருடைய போதனையின் நடுநாடி ஏற்றுக்கொள்ளுதல். தேவன் அனுமதித்ததை மனமுவந்து ஏற்பதில் சமாதானம் உண்டென்பது அவர் துணிபு. அவர் வாயில் இது அறிக்கை. ஆரோக்கியமுள்ள போதகர் ஒருவர் வாயிலோ இதே சொல் கட்டளையாக மாறிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகப் பேருந்தேறிச் செல்லும் கூலித் தொழிலாளியிடம், "ஏற்றுக்கொள்ளுங்கள் ஐயா" என்று கூறி ஜெபித்து எழுந்துவிடுவது எளிது. அம்மையாரைச் சூழ்ந்து அன்போடு பணிவிடை செய்த ஓர் ஐக்கியம் இருந்தது. இவருக்கோ ஒருநாட் கூலி இழப்பும், வழிச் செலவும், வீட்டாருக்குப் பாரமானோமோ என்னும் ஏக்கமுமே துணை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் நூலை அப்படியே கையளிப்பது நோயாளிக்கு இன்னுமொரு சுமையாகும்.

மேலும், ஏற்பு என்பது முறையீட்டை விலக்குவதன்று. பவுல் தம் முள் நீங்கும்படி மும்முறை வேண்டியபின்னரே கிருபை போதுமென்னும் மறுமொழியைப் பெற்றார் (2 கொரிந்தியர் 12). 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது திருமறையில் இடம்பெற்ற ஜெபம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் அமர்ந்திருந்தவரை நல்ல ஆயர்களாயிருந்தனர்; வாய் திறந்தபின்னரே தவறினர். பிறவிக்குருடனைக் கண்டு யார் பாவம் செய்தது என்று வினவிய சீஷரின் கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 9). எனினும் அக்கேள்வி நம் சபைகளில் இன்னும் மறையவில்லை.

ஆகவே இந்நூலை இறையியல் மாணவர் கட்டாயம் வாசிக்கவேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் பிரசங்கத்துக்கு மேற்கோள் தேடுவதற்காக அன்று, நோயாளியே நோயைக் குறித்துப் பேசும் உரிமையுடையவர் என்பதைக் கற்பதற்காக. இதனைக் கற்ற போதகர், நோயுற்றோர் வீட்டில் முதலில் செவிகொடுப்பார். அவருடைய புலம்பலை அவிசுவாசமென எண்ணார். ஆலயத்துக்கு வர இயலாதவருக்குத் திருவிருந்தைத் தவறாமல் கொண்டுசெல்வார். மருந்துக்கும் வண்டிக்கும் சபையார் என்ன செய்யலாமெனக் கேட்பார். ஏற்றுக்கொள்ளுதல் என்னும் சொல் பிறக்குமாயின் நோயாளியின் வாயிலிருந்தே பிறக்கட்டும். அதுவரை அருகில் காத்திருப்பதே நம் ஊழியம்.