முத்திரை விழும் அட்டை

நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன மடிப்பு அட்டை. பிரெவே அட்டை என்பார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு சோதனை இடத்திலும் வந்த நேரத்தை எழுதி முத்திரை குத்துவார்கள். வியர்வையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பணத்தைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது.

இந்தப் பயண முறையின் வேர் பிரான்ஸில் இருக்கிறது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயமாகத் தொடங்கியது, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை 1,200 கி.மீ. பயணமாக நடக்கிறது, 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

புதியவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை, 200 கி.மீ. பயணமே போதும். கெடு 13 மணி 30 நிமிடம். கணக்குப் போட்டால் மணிக்கு 15 கி.மீ. கூட வராது. ஆனால் டீ குடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும் வெயிலுக்கு ஒதுங்குவதும் அதற்குள்தான். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. கெடுவுக்குள் வந்த எல்லாரும் சமம். விளையாட்டுகளில் இவ்வளவு பெருந்தன்மையான விதி அபூர்வம்.

புதுச்சேரிப் பக்கம் வயல்களுக்கு நடுவே மேடின்றி ஓடும் நெட்டப்பாக்கம், மடுகரைச் சாலைகள் பழகுவதற்கு அருமை. விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டில் இருப்பதையே எடுங்கள். இருட்டில் கிளம்புவதானால் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளியைப் பிரதிபலிக்கும் மேலாடையும் கட்டாயம். அவற்றை முதலில் வாங்குங்கள்.